பெயர் சொல்லாத சாட்சி

பனாஜியிலிருந்து பழைய கோவாவுக்குப் போகும் சாலை மாண்டவி ஆற்றைவிட்டு அதிகம் விலகுவதில்லை. ஊர் எல்லையில் ரிபண்டார் வரை நீளும் கல்பாதை வருகிறது. 1630-களில் லின்யாரிஸ் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பாதை அது. பத்துக் கிலோமீட்டர் போனதும் தேவாலயங்கள் தெரியத் தொடங்குகின்றன. லிஸ்பனுக்கு நிகராகப் பேசப்பட்ட ஒரு நகரத்தின் வீடுகளும் கடைத்தெருக்களும் மறைந்துபோய், ஆலயங்கள் மட்டும் புல்வெளியில் தனித்து நிற்கின்றன. போம் ஜீசஸ் பேராலயத்தில் புனித சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழைக்குள் இருக்கிறது. சாலைக்கு மறுபுறம் சே கதீட்ரல். அதன் இரு கோபுரங்களில் ஒன்று 1776-இல் இடிந்து விழுந்தது. எஞ்சிய கோபுரத்தில் பெரிய மணி தொங்குகிறது. இந்தக் கதீட்ரலுக்கு முன்னால் இருந்த சதுக்கத்தின் தென்பக்கத்தில் ஒரு மாளிகை இருந்தது. பீஜப்பூர் சுல்தானின் அரண்மனையாக இருந்து, பிறகு போர்த்துகீசிய ஆளுநர்கள் குடியிருந்து, 1560-இல் இன்க்விசிஷன் என்னும் சமய விசாரணை மன்றத்தின் கைக்கு வந்த கட்டடம். ஊர்மக்கள் கொங்கணியில் அதைப் பெரிய வீடு என்றார்கள். மன்றம் 1812-இல் ஒழிக்கப்பட்டபின் மாளிகை பாழடைந்தது, கல் பெயர்க்கப்பட்டது, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தரை சமனாக்கப்பட்டுவிட்டது. இன்று அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எண்களை வைத்துப் பேசுவது எளிதாகிவிடுகிறது. கோவா மன்றத்தைப் பற்றிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, 1561 முதல் 1774 வரை 16,000-க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டார்கள். எரித்துக் கொல்லப்பட்டவர்கள் 57 பேர். தப்பியோடியதாலோ சிறையிலேயே இறந்ததாலோ உருவப் பொம்மையாக எரிக்கப்பட்டவர்கள் 64 பேர். இருநூறு ஆண்டுகளில் 57 மரணம் என்றால் அது அந்தக் காலத்து ஐரோப்பிய நகர நீதிமன்றம் ஒன்று திருடர்களையும் கள்ளநாணயக்காரர்களையும் தூக்கிலிட்டதைவிடக் குறைவு என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதம் பொய்யில்லை. ஸ்பெயினில் 1540 முதல் 1700 வரையிலான 44,000-க்கும் மேற்பட்ட வழக்குச் சுருக்கங்களை ஆராய்ந்த ஹென்னிங்சென், கொன்ட்ரேராஸ் ஆகியோரின் ஆய்விலும் நேரில் கொல்லப்பட்டோர் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இலட்சக்கணக்கானோர் எரிக்கப்பட்டார்கள் என்ற பழைய கதைகளை வரலாற்றாசிரியர்கள் கைவிட்டது சரியே. ஆனால் நெருப்பு சிறியதாக இருந்தது என்பதிலிருந்து மன்றம் மிதமாக இருந்தது என்று முடிவுக்கு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மன்றத்தின் வலிமை அதன் நடைமுறையில் இருந்தது. குற்றம் சாட்டியவர் யார், சாட்டிய குற்றம் என்ன என்று சொல்லாமலே ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்க அதற்கு எழுதப்பட்ட விதி இருந்தது. மரணக் கணக்கு அந்த விதியை அளப்பதற்கான கருவியே இல்லை.

நடைமுறை இப்படி ஓடியது. ஆலயத்தில் ஓர் ஆணை வாசிக்கப்படும். இன்னின்ன செயல்கள் விசுவாசத்துக்கு எதிரானவை. தானே செய்திருந்தால் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும், பிறர் செய்யக் கண்டிருந்தால் வந்து சொல்ல வேண்டும், சொல்லாமல் இருப்பதும் குற்றம். வந்து சொன்னவரின் பெயர் எழுதிக்கொள்ளப்படும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது ஒருநாளும் தெரிவிக்கப்படாது. கைதாகும்போதே சொத்து முடக்கப்படும். கைதியிடம் முதலில் பெற்றோர், பாட்டன்மார், பிள்ளைகள், உறவினர் பற்றி விசாரிப்பார்கள். அதன்பின் "மனசாட்சியைத் தேடிப் பார்த்து ஒப்புக்கொள்" என்பதே கேள்வி. சாட்சியம் எழுத்தில் காட்டப்படும் கட்டம் வந்தாலும், சாட்சியின் பெயரும் இடமும் நேரமும் அடையாளம் காட்டக்கூடிய சூழலும் நீக்கப்பட்ட பிரதிதான் காட்டப்படும். எதிர்வாதத்துக்கு ஒரு வழி இருந்தது. தன்மேல் பகை கொண்டவர்களின் பட்டியலைக் கைதி கொடுக்கலாம். சாட்சி அந்தப் பட்டியலில் இருந்தால் அவர் சொன்னதன் எடை குறையும். அதாவது இருட்டில் கல்லெறிந்து, அது சாட்சி மேல் பட்டால் பிழைக்கலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டும் யாரோ ஒருவர் சொன்ன ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் அவர் ‘குறை வாக்குமூலம்’ கொடுத்தவர். அதற்கும் மரண தண்டனை வரலாம். ஆகவே பிழைக்க விரும்பியவர் தன்னோடு வழிபட்டவர், விருந்துண்டவர், அதைப் பார்த்திருக்கக்கூடியவர் என்று நினைவில் வந்த எல்லாப் பெயரையும் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம். ஒரு வழக்கின் முடிவு பத்து வழக்குகளின் தொடக்கமாக இருந்ததற்கு நீதிபதிகளின் குரூரம் காரணமாக இருக்கத் தேவையில்லை. விதியே போதும்.

பெரிய வீட்டுக்குள் இந்த விதி எப்படி வேலை செய்தது என்பதை நமக்குச் சொல்பவர் சார்ல் தெல்லோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1673-இல் டாமனில் கைதானபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. ஞானஸ்நானம் பற்றியும் சொரூபங்களை முத்தமிடுவது பற்றியும் அவர் ஏதேதோ வாதம் செய்திருந்தார். பிறகு எழுதிய நூலில், டாமன் ஆளுநரின் பொறாமையே தன் கைதுக்குக் காரணம் என்று சந்தேகப்படுகிறார். உண்மையாகவும் இருக்கலாம், சாட்சி யாரென்றே தெரியாத ஓர் ஏற்பாட்டில் அவரால் சந்தேகப்பட மட்டுமே முடியும். சதுக்கத்தைப் பார்த்த மூன்று வாயில்கள், நடு வாயிலிலிருந்து ஏறும் பெரிய படிக்கட்டு, உள்ளே பத்தடிக்குப் பத்தடி வளைவுக் கூரை அறைகள் வரிசை வரிசையாக என்று மாளிகையை அவர் விவரிக்கிறார். உள்ளூர்க் கைதிகளுக்குக் காலையில் கஞ்சி, மற்ற வேளைகளில் சோறும் மீனும். பட்டினி போடவில்லை என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். அறைகளில் முழு அமைதி காக்க வேண்டும். முனகினாலும் சத்தமாக ஜெபம் செய்தாலும் காவலர் வந்து அடிப்பார். நினைவில் இருந்ததை எல்லாம் அவர் ஒப்புக்கொண்டார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, தேடிப் பார் என்றார்கள். அந்தப் பாக்கி என்ன என்று அவருக்குத் தெரியவில்லை; அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். சிறையில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். நவம்பர், டிசம்பர் மாதக் காலைகளில் பக்கத்தில் எங்கோ சித்திரவதைக்கு ஆளானவர்களின் அலறலைக் கேட்டதாக எழுதுகிறார். அவரைச் சித்திரவதை செய்யவில்லை. இரண்டாண்டுகளில் அவருக்கு நேர்ந்தது அந்த ஒரு பதில் கிடைக்காத கேள்வி மட்டும்தான்.

1676 ஜனவரி 12 அன்று தீர்ப்பு நாள். விடியும் முன்னே கைதிகளை எழுப்பிக் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட உடை கொடுத்தார்கள். சிலருக்கு அதன்மேல் சிலுவைக் குறியிட்ட மஞ்சள் அங்கி. எரிக்கப்பட இருப்பவர்களுக்குத் தீச்சுவாலையும் பேய்களும் அவர்களது சொந்த முகமும் வரைந்த அங்கி. யாருக்கு எந்த அங்கி என்பது தெரியும்வரை ஒருவருக்கும் தன் கதி தெரியாது. சூரியன் எழும் முன் ரொட்டியும் அத்திப்பழமும் வந்தன. பசியில்லை என்று ஒதுக்கிய தெல்லோனிடம் ஒரு காவலர், எடுத்துப் பையில் வைத்துக்கொள், திரும்புவதற்குள் தேவைப்படும் என்று சொல்கிறார். திரும்புவோம் என்ற செய்தி அந்த ஒரு வார்த்தையில்தான் தெல்லோனுக்குக் கிடைக்கிறது. பிறகு கதீட்ரலின் பெரிய மணி அடித்தது. வெறுங்காலுடன் ஊர்வலம், ஒவ்வொரு கைதிக்கும் பக்கத்தில் நகரப் பிரமுகர் ஒருவர் ஞானத்தந்தை போல நடந்தார். தெருக்கல் குத்திக் கால்களில் இரத்தம் வழிய, புனித பிரான்சிஸ் அசிசி ஆலயத்துக்குள் போனார்கள். அந்த ஆலயம் அப்படியே நிற்கிறது. ஒட்டிய மடத்தில் இந்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. தங்க முலாம் பூசிய பீடத்தையும் சுவரோவியங்களையும் பார்க்க வருகிறவர்கள் நிற்கும் அதே நடுக்கூடத்தில், இரண்டு ஆண்டுகளுக்குப்பின் முதல்முறையாகத் தன்மேலான குற்றச்சாட்டு முழுவதையும் தெல்லோன் கேட்டார். அவர் மறந்துபோன பாக்கியும் அதில் இருந்தது: விசாரணை மன்றத்தை இழிவாகப் பேசியது. சொத்துப் பறிமுதல், இந்தியாவிலிருந்து நாடு கடத்தல், ஐந்தாண்டுக் கட்டாய உழைப்பு. அன்று ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எரிக்கப்பட்டார்கள். இறந்துபோன நால்வரின் எலும்புகளும் பெட்டிகளில் வைத்து எரிக்கப்பட்டன. எரிக்கும் இடம் ஊருக்கு வெளியே புனித லாசரஸ் திடல். மன்றம் தானே யாரையும் கொல்லவில்லை. கருணை காட்டும்படி கேட்டுக்கொண்டு அரசு அதிகாரியிடம் ஒப்படைத்தது. அந்த வேண்டுகோளை ஏற்று ஒருவரை விட்டுவிட்டிருந்தால் அதிகாரி தானே கூண்டில் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

தெல்லோன் பாதிக்கப்பட்டவர், அவரது நூல் 1687-இல் புராட்டஸ்டன்ட் ஹாலந்தில் வெளிவந்தது, கத்தோலிக்கத்தைக் கரிபூசும் இலக்கியத்தின் ஒரு பகுதி அது என்பது ஒரு மறுப்பு. நூலை வரவேற்றவர்களுக்கு அந்த நோக்கம் இருந்தது உண்மையே. ஆனால் அவர் சொன்ன நடைமுறையில் பெரும்பாலானவற்றை மன்றத்தின் சொந்த விதிநூல்களிலிருந்தே சரிபார்க்கலாம். போர்த்துகீசிய இன்க்விசிஷனுக்கு 1552, 1613, 1640 ஆண்டுகளில் விதிகள் தொகுக்கப்பட்டன. சாட்சியின் பெயரை மறைப்பதும், விடுதலையாகும் கைதியிடம் உள்ளே கண்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும் அவற்றிலேயே உள்ளன. இன்னொரு சாட்சியமும் உண்டு. 1808-இல் கிளாடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் பழைய கோவாவுக்கு வந்து அகஸ்டினியர் மடத்தில் தங்கினார். மன்றத்தின் நீதிபதிகளில் ஒருவரான ஜோசே தாஸ் தோரெஸும் அதே சபைத் துறவி. புக்கானன் தெல்லோனின் நூலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நீதிபதியிடமே படிக்கக் கொடுத்தார். சில இடங்களை மறுத்தாலும், விவரித்த முறை பொதுவில் சரியே என்று அந்த நீதிபதி ஒத்துக்கொண்டதாகப் புக்கானன் எழுதுகிறார். புக்கானனும் புராட்டஸ்டன்ட்தான், அவரது நூலுக்கும் நோக்கம் உண்டு. ஆனால் பகைவர் எழுதியதும் மன்றம் தனக்காக எழுதிக்கொண்டதும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது ‘கரிபூசல்’ என்ற சொல்லால் இரண்டையும் துடைத்துவிட முடியாது.

பனாஜிக்குத் திரும்பினால், நகரத்தின் நடுவில் வெள்ளைப் படிக்கட்டுகளோடு உயர்ந்து நிற்கும் மாதா ஆலயத்துக்கு எதிரே ஒரு பூங்கா இருக்கிறது. மாநகராட்சிப் பூங்கா என்று இன்று சொன்னாலும், அதற்கு வைத்த பெயர் கார்சியா த ஓர்த்தா. 1563-இல் கோவாவில் அச்சான இந்திய மூலிகைகள், மருந்துச் சரக்குகள் பற்றிய உரையாடல் நூலை எழுதிய மருத்துவர். உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டும் கடைத்தெருவில் பார்த்தும் எழுதிய அந்த நூலில் அபினும் இஞ்சியும் மாம்பழமும் காலராவும் இருக்கின்றன. வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட ஐபீரிய யூதர்களின் வழித்தோன்றல் அவர். ஆளுநர்களுக்கு வைத்தியம் பார்த்துக் கௌரவத்தோடு வாழ்ந்து 1568-இல் இறந்தார். அவர் இறந்ததும் சகோதரி கத்தரீனா கைதானார், 1569-இல் எரிக்கப்பட்டார். விசாரணையில் குடும்பத்தவர் வாயிலிருந்தே, கார்சியாவும் மோசேயின் சட்டத்தைத்தான் உள்ளுக்குள் பின்பற்றினார் என்ற வாக்குமூலம் வந்தது. 1580-இல் கல்லறையைத் தோண்டி அவர் எலும்புகளை எடுத்து எரித்தார்கள். எண்ணிக்கையில் இது ஒரு மரணமும் ஓர் எலும்புக் கூடும். நடந்ததோ, உறவினரை உறவினருக்கு எதிராகப் பேசவைத்தது. பேசியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இறந்தவரின் பெயரைச் சொன்னால் உயிரோடிருப்பவர் ஒருவர் தப்பலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். குறை வாக்குமூலத்தின் விலை அவர்களுக்குத் தெரியும்.

யூத வம்சத்தவரைப் பிடிக்கத்தான் மன்றம் கோவாவுக்கு வந்தது என்று பொதுவாக நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது முக்கிய நோக்கமாக இருந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் உழைத்த பிரான்சிஸ் சவேரியார் 1546-இல் போர்த்துகீசிய அரசருக்கு எழுதிய கடிதத்தில், மோசேயின் சட்டப்படியும் முஸ்லிம் வழக்கப்படியும் வாழ்பவர்கள் இங்கே நிறைய உண்டு, மன்றம் தேவை என்று கேட்டார். அது அமைவதற்கு எட்டாண்டு முன்பே அவர் இறந்துவிட்டார். அமைந்தபின் அதன் கூண்டில் ஏறியவர்களில் பெரும்பாலோர் மதம் மாறிய உள்ளூர்க்காரர்கள். பழைய பழக்கத்தைக் கைவிடவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஞானஸ்நானம் பெறாத இந்து மீது மன்றத்துக்குப் பொதுவாக அதிகாரம் கிடையாது. மதமாற்றத்துக்குத் தடையாக இருந்தார், தடைசெய்த சடங்கை நடத்தினார் என்று சொல்லித்தான் அவரை இழுக்க முடியும். கிறிஸ்தவராகிவிட்டவரோ வீட்டுக்குள் செய்த எதற்கும் பதில் சொல்ல வேண்டும். 1736 ஏப்ரலில் வந்த ஆணையைப் படித்தால் எதை எதைத் தேடினார்கள் என்பது விளங்கும். கல்யாணத்தில் வெற்றிலை பாக்கும் பூவும் கொடுக்கக் கூடாது. நலங்குப் பாட்டு கூடாது. மணமக்களுக்கு மஞ்சளும் தேங்காய்ப் பாலும் பூசக் கூடாது. ஏகாதசி விரதம் கூடாது. வீட்டில் துளசி இருந்தால் பிடுங்கி எறிய வேண்டும். ஆண்கள் வேட்டி கட்டக் கூடாது. பெண்கள் சோளி அணியக் கூடாது. உப்பில்லாமல் சோறு வடிக்கக் கூடாது, அது இந்துக்களின் வழக்கம்.

நம் வீடுகளில் அன்றாடம் யாரும் யோசிக்காமலே செய்யும் காரியத்தைத் தடுக்கிறது இந்தக் கடைசி விதி. ஒரு வீட்டின் உலையில் உப்பு விழுந்ததா இல்லையா என்பது யாருக்குத் தெரியும்? சமைத்தவளுக்கு, கூடச் சாப்பிட்டவருக்கு, வேலைக்காரிக்கு, மருமகளுக்கு, கோபித்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரிக்கு. பொதுக்கோயிலை இடிப்பதற்குப் படை வேண்டும், அரசாணை வேண்டும். அடுக்களைக்குள் நுழைய அந்த வீட்டில் இருப்பவர் ஒருவர் வேண்டும். அவர் பெயர் வெளிவராது என்ற உறுதி வேண்டும். சாட்சியின் பெயரை மறைத்த விதி இங்கேதான் தன் முழுப் பயனையும் தந்தது. மன்றத்தை ஆதரித்தவர்கள் அந்த விதிக்கு ஒரு நியாயம் சொன்னார்கள்: செல்வாக்குள்ளவர் மேல் எளியவர் சாட்சி சொன்னால் பழிவாங்கலிலிருந்து எளியவரைக் காக்க வேண்டாமா? கேள்வி நியாயமானது. இன்றைய நீதிமன்றங்களும் சில வழக்குகளில் சாட்சியின் அடையாளத்தை மறைக்கின்றன. ஆனால் அங்கே மறைப்பது விதிவிலக்கு; குற்றம் எது, எந்த நாளில் என்பது கைதிக்குத் தெரியும்; அவர் வழக்கறிஞர் கேள்வி கேட்கலாம். கோவாவில் மறைப்பதே விதி. கைதிக்காகப் பேசும் வழக்கறிஞரும் மன்றம் தானே கொடுத்தவர். எளிய சாட்சியைக் காப்பதற்கு என்று சொன்ன ஏற்பாட்டில் கூண்டில் ஏறியவர்களும் எளியவர்கள்தான் என்பதே அந்த நியாயத்துக்கு என் பதில்.

பழைய கோவாவிலிருந்து கிழக்கே போய் பானஸ்தாரிம் பாலத்தில் கும்பார்ஜுவா கால்வாயைக் கடந்தால் போண்டா தாலுகா. அன்று அது பீஜப்பூர் ஆட்சிப் பகுதி. போர்த்துகீசியர் கைக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான். ப்ரியோளில் மங்கேஷி கோயில் இருக்கிறது. வெள்ளை தீபஸ்தம்பமும் குளமுமாக நிற்கும் அந்தக் கோயிலின் இறைவன் ஜுவாரி ஆற்றின் தென்கரையில் இருந்த கோர்தாலிம் ஊரிலிருந்து 1560-வாக்கில் எடுத்துவரப்பட்டவர். கவளேயின் சாந்ததுர்க்கையும் கெளோஷியிலிருந்து அப்படி வந்தவள். ஒரே ஆற்றைத் தாண்டினால் வேறு அரசு, வேறு சட்டம். சாரஸ்வதக் குடும்பங்கள் பல இன்னும் தெற்கே கன்னடக் கரைக்குப் போய்விட்டன. இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. 1567-இல் தெற்குக் கோவாவின் சால்செட்டில் நூற்றுக்கணக்கான கோயில்கள் இடிக்கப்பட்டதும், தந்தையற்ற இந்துக் குழந்தைகளைப் பறித்துத் துறவிகளிடம் ஒப்படைத்த சட்டமும், மூன்றாண்டுக்குள் கொங்கணியைக் கைவிட வேண்டும் என்ற 1684-ஆம் ஆண்டு ஆணையும் அரசின் செயல்கள். துறவியர் சபைகள் உடன் நின்றன. எல்லாவற்றையும் இன்க்விசிஷன் கணக்கில் எழுதும் பழக்கம் மன்றத்தைப் பெரிதாக்குகிறது, அரசைத் தப்பவிடுகிறது. அரசின் சட்டத்திலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது: படகேறி அக்கரை போகலாம். மன்றத்தின் வலைக்குள் நின்றவர்கள் போகாமல் தங்கியவர்கள், நிலத்தையும் வயலையும் விட மனமில்லாமல் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அந்தக் காலம் அப்படித்தான், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பது எப்போதும் எழும் கேள்வி. அந்தக் காலத்தின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அன்டோனியோ வியேரா இயேசு சபைத் துறவி, போர்த்துகீசிய மொழியின் பெரும் பிரசங்கி. அவரையே கொயிம்ப்ரா மன்றம் சிறைப்பிடித்து 1667-இல் தண்டித்தது. பிறகு ரோமுக்குப் போன அவர் மறைமுகச் சாட்சியையும் பறிமுதலையும் எதிர்த்து வாதாடினார். யூத வம்சக் கிறிஸ்தவர்களும் அதே கோரிக்கையோடு போப்பிடம் போனார்கள். 1674-இல் போப் பத்தாம் கிளமென்ட் போர்த்துகீசிய இன்க்விசிஷனையே நிறுத்திவைத்தார். 1681 வரை தடை நீடித்தது. ஸ்பெயினில் 1610-இல் லோக்ரோன்யோவில் சூனியக்காரிகள் என்று சொல்லிச் சிலரை எரித்தபின், அதே மன்றத்தின் நீதிபதிகளில் ஒருவரான சலசார் ஃப்ரியாஸ் கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கானோரை விசாரித்தார். வதந்தியைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினார்; 1614-இல் தலைமை மன்றம் புதிய விதி வகுத்தது, சூனிய எரிப்பு அங்கே ஏறக்குறைய நின்றுபோனது. இன்க்விசிஷன் மிதமானது என்பதற்கு ஆதாரவாளர்கள் காட்டும் முதல் உதாரணம் சலசார். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். சாட்சியை வெளிச்சத்தில் நிறுத்திச் சோதித்த ஒரே விஷயத்தில் குற்றமே ஆவியாகிப்போனது. அதைச் செய்ய அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்ற வழக்குகளில் செய்யவில்லை.

கோவா மன்றத்தின் அதிகாரம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் மக்காவ் வரை போர்த்துகீசியர் கால் ஊன்றிய இடமெல்லாம் நீண்டது. சோழமண்டலக் கரையும் அதில் அடக்கம். எஃப்ரெம் த நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி 1642 முதல் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் அனுமதியோடு கத்தோலிக்கருக்குப் பணி செய்துவந்தார். கல்வியும் கருணையும் உள்ளவர் என்று இரு தரப்பும் மதித்த மனிதர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியப் பாதிரிமார்களுக்கு அவர்மேல் கசப்பு. அவர்களிடமிருந்த மக்கள் கோட்டைக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள், பாதிரியார் நியமனம் போர்த்துகீசிய அரசரின் உரிமை என்ற தகராறும் இருந்தது. 1649-இல் அவர் சாந்தோமுக்குப் போனபோது பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார்கள். குற்றச்சாட்டு, சொரூப வணக்கம் பற்றித் தவறாகப் போதித்தார் என்பது. ஏறக்குறைய இரண்டாண்டு அந்தப் பெரிய வீட்டில் இருந்தார். அவரை விடுவிக்க ரோமிலிருந்தும் ஆங்கிலேயரிடமிருந்தும் முயற்சி நடந்தது. கோல்கொண்டா அரசு சாந்தோமை நெருக்கியது. திரும்பி வந்து இன்னும் நாற்பதாண்டு சென்னையில் வாழ்ந்தார். ஒரு பங்குத் தகராறு சமயக் குற்றமாக உருமாற எவ்வளவு குறைவான காரியம் போதும் என்பதற்கு அவர் கதையைவிடத் தெளிந்த சான்று எனக்குத் தெரியாது. அவருக்காகப் பேச ஓர் அரசு இருந்தது. சால்செட் விவசாயிக்கு அப்படி யாரும் இல்லை.

மன்றத்தை 1774-இல் போர்த்துகீசிய முதலமைச்சர் போம்பால் ஒழித்தார். 1778-இல் அது திரும்பி வந்தது. நெப்போலியனுக்குப் பயந்து ரியோ டி ஜெனிரோவில் குடியேறிய அரசவை 1810-இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்துக்குப்பின், 1812 ஜூனில் இறுதி ஆணை வந்தது. மாளிகையில் இருந்த பெரிய சிலுவைச் சொரூபம் பனாஜிக்குப் போய், இன்று ஃபொன்டைன்யாஸ் பகுதியில் புனித செபஸ்தியார் சிற்றாலயத்தில் இருக்கிறது. அதிலுள்ள இயேசுவின் கண்கள் திறந்திருக்கின்றன. நீதிபதிகள் அமர்ந்த நீண்ட மேசை கோவா அரசு அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். வழக்குக் கட்டுகளில் பெரும்பகுதியை ஆட்சியாளர்கள் அனுமதியோடு எரித்துவிட்டார்கள். லிஸ்பன், எவோரா, கொயிம்ப்ரா மன்றங்களின் சுமார் 40,000 வழக்குக் கட்டுகள் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு செருப்புத் தைப்பவர் சொன்ன பதிலையும் அங்கே வரிக்கு வரி படிக்கலாம். கோவாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜோவாவ் தெல்காடோ ஃபிகெய்ரா என்ற நீதிபதி 1623 வரையிலான சுமார் 3,800 வழக்குகளுக்குத் தயாரித்த பெயரகராதி ஒன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் தப்பியிருக்கிறது. கோவாவும் லிஸ்பனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ரியோவில் உள்ளன. கோவாவைச் சேர்ந்த அறிஞர் ஏ. கே. பிரியோல்கர் 1961-இல் எழுதிய நூல் இந்தச் சிதறல்களைக் கொண்டுதான் எழுந்தது. ஆதாரம் குறைவு, ஆகவே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று இன்று வாதிடுபவர்கள், ஆதாரத்தை அழித்தது யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கு மிகவும் கனமாகப் படுவது. இந்த வரலாற்றைக் கிளறினால் இன்றைய கோவா கத்தோலிக்கர்கள் மேல் பழி விழும். அதற்காகவே கிளறுபவர்களும் இருக்கிறார்கள். இருக்கிறார்கள்தான். ஆனால் பெயரகராதியில் உள்ளவர்கள் யார் என்று பார்த்தால் பழி எந்தப் பக்கம் திரும்பும்? துளசி வளர்த்ததற்கும் ஏகாதசி இருந்ததற்கும் தண்டனை பெற்றவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கோவாக்காரர்கள். இன்று பழைய கோவாவில் திருப்பலிக்கு வரும் குடும்பங்கள் நீதிபதிகளின் வாரிசுகள் என்பதைவிடக் கைதிகளின் வாரிசுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்களைக் குற்றவாளியாக்கும் பேச்சு, பாதிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளிடம் போய் நியாயம் கேட்பது. திருச்சபையும் வாய் திறக்காமல் இல்லை. ரோமில் விசாரணை மன்றத்தின் ஆவணக் காப்பகம் 1998-இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது; 2000 மார்ச் 12 அன்று போப் இரண்டாம் ஜான் பால், உண்மைக்கு ஊழியம் என்ற பெயரில் நற்செய்திக்குப் பொருந்தாத முறைகளைக் கையாண்டதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். லிஸ்பனில் 1506-இல் நடந்த யூதப் படுகொலைக்கு, அது தொடங்கிய சாவ் தொமிங்கோஸ் ஆலயத்தின் எதிரிலேயே 2008-இல் நினைவுக்கல் வைத்தார்கள். பழைய கோவாவின் சதுக்கத்தில் அப்படி ஒன்று எழுந்தால் அதில் 57 என்ற எண்ணைப் பொறிப்பது போதாது. ஃபிகெய்ராவின் பட்டியலில் பெயர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு எதிரே குற்றமும் தண்டனையும் இருக்கின்றன. அந்தப் பெயர்களைப் போர்த்துகீசியத்திலும் கொங்கணியிலும் வெட்டலாம். பக்கத்தில் 1736-ஆம் ஆண்டு ஆணையையும், உப்பில்லாச் சோறு என்ற வரி உட்பட, முழுதாக வெட்டலாம்.